ரசிகமணி டி.கே.சி.: ஒரு வழக்கறிஞரின் காவிய வாசிப்பும் நம் வ்யாக்யான மரபும்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றவுடன் பெரியாழ்வாரும் ஆண்டாளும் நெஞ்சில் எழுந்தருளுவதே முறை. அவ்வூரில் 1882-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், தாயைப் பெற்றவர்களின் இல்லத்தில் பிறந்த சிதம்பரநாதரை நம் இதழ்கள் பெரும்பாலும் நினைப்பதில்லை. தமிழுலகம் அவரை ரசிகமணி டி.கே.சி. என்று அறியும். நாம் நினையாமைக்குக் காரணங்கள் உண்டு. அவர் தென்காசிச் சைவ வேளாளர் குடியினர். தந்தையார் தீத்தாரப்ப முதலியார். ஆசார்ய ஸம்பந்தம் பெற்றவரல்லர். அருளிச்செயலுக்கு உரை வகுத்தவருமல்லர். வாழ்நாளின் பெரும்பகுதியைக் கம்பனுக்குக் கொடுத்தவர். கொடுத்ததோடு நில்லாமல், கம்பன் பெயரால் வழங்கும் பாடல்களில் மிகப் பலவற்றைக் கம்பனுடையன அல்ல என்று தள்ளியவர். திருவரங்கத்தில் தாயார் ஸந்நிதிக்கு எதிரே உள்ள மண்டபத்தில் அரங்கேறி, மேட்டழகியசிங்கரின் உகப்பைப் பெற்றதாக நாம் நம்பிவரும் ஒரு காவியத்தில் இப்படிக் கை வைத்தவரை ஸ்ரீவைஷ்ணவ வித்வான்கள் எவ்வாறு நோக்குவது? இக்கட்டுரை அவர் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லி, இந்த ஒரு வினாவை மட்டும் சற்று நின்று ஆராய்கிறது.

அவர் பிறந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1910-இல் இராமநாதபுரம் ஜில்லா அமைந்தபோது அதனோடு சேர்ந்தது. 1985-இல் விருதுநகர் மாவட்டம் பிரிந்தபோது இதனோடு வந்தது. ஊர் பெயராமல் இருக்க, மாவட்டங்களே பெயர்ந்தன. ஆகையால் அவரைத் திருநெல்வேலிக்காரர் என்று சொல்வதும் தவறன்று, வாழ்ந்ததும் அங்கேதான். ஆயினும் பிறந்த மண்ணைச் சொல்லும்போது விருதுநகர் மாவட்டத்தாரும் அவரை உரிமை கொண்டாடலாம்.

அவர் படித்தது சட்டம். பி.ஏ., பி.எல். பட்டங்கள் பெற்று வக்கீலாகப் பதிந்தும், அத்தொழிலில் நெடுங்காலம் ஊன்றி நின்றவரல்லர். 1927 முதல் சென்னை மாகாணச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1930 முதல் 1935 வரை இந்து சமய அறநிலைய வாரியத்தில் ஆணையராகப் பணி புரிந்தார். அந்த வாரியம் அப்போதுதான் தோன்றிய புதுமை. கோயிற் குடும்பங்களில் அதைப் பற்றிய அச்சம் மிகுதியாக இருந்த காலம் அது. தீர்த்த மரியாதை, அத்யாபக மிராசு, திருமண்காப்பு என்று நம்மவர்கள் நீதிமன்றப் படிகளைத் தேய்த்த வரலாற்றை இங்கே விரிக்க வேண்டுவதில்லை. சட்டம் கற்ற ஒருவர் கோயில்களின் கணக்கையும் வழக்கையும் ஐந்தாண்டுகள் அருகிருந்து பார்த்தார் என்பது மட்டும் நமக்கு இப்போது வேண்டிய செய்தி. ஓர் ஆவணம் எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது என்ற கேள்விகளே அத்தொழிலின் உயிர். அவ்வினாக்களை அவர் கம்பனிடத்தில் எவ்வளவு கேட்டார் என்பதைப் பின்னே பார்ப்போம்.

தமிழக அரசின் கோபுரச் சின்னத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்த காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயில் கோபுரத்தைச் சின்னமாகக் கொள்ளலாம் என்ற யோசனையைச் சொன்னவர் டி.கே.சி. என்று கூறுவர். வரைந்த ஓவியர் கிருஷ்ணராவ் மதுரை மேலைக் கோபுரத்தையே மாதிரியாகக் கொண்டார் என்று வாதிப்பவர்களும் உளர். அந்த வழக்கு முடிந்தபாடில்லை. பதினொரு நிலை எண்ணிப் பார்த்து மகிழ்வதற்கு எங்களூர்க்காரர்களுக்குத் தீர்ப்பு தேவையுமில்லை.

ஆசிரியர் என்ற சொல்லைக் கல்லூரிப் பதவியளவில் கொண்டால் டி.கே.சி. ஆசிரியரல்லர். ஆனால் அவரிடம் பயின்றவர்களின் வரிசையைப் பார்த்தால் அவரை ஆசிரியர் என்னாமல் வேறென்ன என்பது? திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் இல்லத்தில் கூடிய ‘வட்டத்தொட்டி’ தமிழ் இலக்கிய வரலாற்றில் நிலைத்துவிட்ட பெயர். வீட்டின் நடுவே இருந்த வட்டமான தொட்டிக்கட்டில் நண்பர்கள் மாலையில் அமர்வார்கள்; ஒரு செய்யுள் எடுக்கப்படும். அதை அவர் ஒரு முறை சொல்வார், மறுபடி சொல்வார், இசையோடு சொல்வார், ஒரு சொல்லிலே நின்று சொல்வார். மாலைப்போது முழுதும் ஒரு செய்யுளுக்கே ஆகிவிடுவதும் உண்டு. பிற்காலத்தில் உயர்நீதிமன்ற நீதிபதியாகிக் கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதிய எஸ். மகராஜன், தமிழ்நாட்டுக் கோயில்களைப் பற்றி ‘வேங்கடம் முதல் குமரி வரை’ எழுதிய தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், பேராசிரியர் அ. சீனிவாசராகவன் முதலியோர் அவரிடம் கேட்டுத் தெளிந்தவர்கள். 1939-இல் காரைக்குடியில் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்திற்கும் டி.கே.சி. பெருந்துணையாக நின்றார். ராஜாஜியும் கல்கியும் குற்றாலத்தில் அவர் இல்லம் தேடி வந்தவர்கள்.

அவர் கற்பித்த முறை நம்மவர்க்குப் புதிதன்று என்பதையே இங்கு வற்புறுத்த விரும்புகிறேன். செய்யுளுக்கு ஓர் உருவம் உண்டு, அது கண்ணுக்குப் புலப்படுவதன்று, செவிக்குப் புலப்படுவது என்பது அவர் கொள்கை. பதவுரை சொல்லி, இலக்கணக் குறிப்புச் சொல்லி, பொழிப்புரை சொல்லிவிட்டால் கவி விளங்கிவிட்டது என்று எண்ணிய தமிழ்ப் பண்டிதர்களோடு அவர் ஓயாமல் போராடினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழித் திருவத்யயன உத்ஸவத்தில் அரையர் ஸேவை ஸேவித்தவர்கள் இதைக் கேட்டு வியக்கமாட்டார்கள். அரையர் ஒரு பாசுரத்தைத் தாளத்தோடு இசைக்கிறார், அதே பாசுரத்தை அபிநயிக்கிறார், பிறகு தம்பிரான்படி வ்யாக்யானத்தைச் சொல்கிறார், மீண்டும் இசைக்கிறார். ஒரே சொல் பல பாவங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. முத்துக்குறி நிகழும்போது, நள்ளிரவுக்குமேல் ஆனாலும் எழுந்து போகாத கூட்டத்தை அடியேன் சிறு வயது முதல் பார்த்திருக்கிறேன். அங்கே அகராதி பார்த்துப் பொருள் அறிந்தவர் சிலரே. பொருளை அநுபவித்தவர் பலர். டி.கே.சி. இந்த ஸேவையிலிருந்து தம் முறையைக் கற்றார் என்று சொல்ல என்னிடம் சான்றில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் அவர் தேடிய பொருள் அவர் பிறந்த ஊர்க் கோயிலில் நூற்றாண்டுகளாக வாழ்ந்துவந்தது என்பது உண்மை.

அச்சிலும் அவர் இந்தக் கொள்கையைக் கைவிடவில்லை. புணர்ச்சி பிரித்து, உணர்ச்சி நிற்கும் இடத்தில் அடியை நிறுத்தி, செய்யுளைப் பாடுகிறவன் மூச்சு விடும் இடம் தெரியும்படி அச்சிட்டார். ‘கல்கி’ இதழில் அவர் எழுதிய ‘கம்பர் தரும் காட்சி’யைப் படித்து, அதற்குமுன் கம்பனைத் தொட்டறியாத இல்லத்தரசிகளும் பள்ளி மாணவர்களும் கம்பனுக்குள் புகுந்தனர். இன்று சிவகாசி அச்சகங்களில் மார்கழிதோறும் திருப்பாவைச் சிறு நூல்களும், பாசுரம் தாங்கிய நாட்காட்டிகளும் குவியல் குவியலாக அச்சாகின்றன. பட்டாசும் தீப்பெட்டியும் போலவே அச்சும் அவ்வூரின் ஜீவனம். அங்கு ஓர் அச்சகத்தில் புரூப் திருத்த அமர்ந்தபோது, தாளின் அகலத்திற்கு ஏற்றபடி பாசுரத்தின் அடி வெட்டப்பட்டிருந்ததைக் கண்டேன். சொல் இரண்டாகப் பிளந்து பாதி மேலேயும் பாதி கீழேயும் கிடந்தது. அச்சுக்கோப்பவர் மேல் குறையில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நாமே. அடி பிரிப்பது வெறும் அலங்காரம் அன்று, அதுவும் ஒருவகை வ்யாக்யானம் என்பதை டி.கே.சி. எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டினார்.

இனி வினாவுக்கு வருவோம்.

கம்பராமாயணம் பத்தாயிரம் செய்யுள் அளவினது. அதில் இடைச்செருகல் உண்டு என்பதை மறுப்பார் இல்லை. வெள்ளியம்பலத் தம்பிரான் பாடிச் சேர்த்தார் என்ற செவிவழிச் செய்தி பழமையானது. பின்வந்த பதிப்புகளில் மிகைப்பாடல்கள் என்று ஒரு தொகுதி தனியே பிரித்து வைக்கப்பட்டிருப்பதையும் காண்கிறோம். டி.கே.சி. அந்த எல்லையில் நிற்கவில்லை. தம் செவிக்கும் உள்ளத்திற்கும் கம்பனாகத் தோன்றாதவற்றை எல்லாம் விலக்கினார். சில இடங்களில் சொற்களையும், இதுவே கம்பன் சொல்லியிருக்கக்கூடியது என்று மாற்றி அமைத்தார். அவ்வாறு அவர் தெரிந்தெடுத்துத் தந்ததே ‘கம்பர் தரும் ராமாயணம்’. அவர் காலத்தவரான வை.மு. கோபாலகிருஷ்ணமாசாரியாரோ முழுக் காவியத்திற்கும் பாடபேதம் குறித்து, இலக்கணம் காட்டி உரை செய்தார். அஷ்டப்பிரபந்தத்திற்கு அவர் செய்த உரையை நம் இல்லங்களில் இன்றும் வைத்திருக்கிறோம். ஒருவர் ஏட்டை நம்பினார். மற்றவர் செவியை நம்பினார்.

டி.கே.சி. கற்ற சட்டத்தைக் கொண்டே இதைச் சோதிக்கலாம். 2024 வரை நடப்பில் இருந்த 1872-ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தில் 90-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. கோயில் உரிமை வழக்குகளில் பழகிய குடும்பத்தார் அதை அறிவர். முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஓர் ஆவணம், அது இருக்கவேண்டிய முறையான காவலிலிருந்து வெளிப்படுமாயின், அதில் உள்ள கையொப்பமும் எழுத்தும் உரியவருடையனவே என்று நீதிமன்றம் கொள்ளலாம். ‘கொள்ளலாம்’ என்பதே சட்டம், ‘கொள்ளவேண்டும்’ என்பதன்று. மறுப்பவர் மறுக்கலாம். ஆனால் மறுப்புக்கு ஆதாரம் காட்டும் சுமை மறுப்பவர் தலைமேல் விழுகிறது. கம்பன் பாடல்கள் முறையான காவலிலிருந்து வந்தவையே. ஊர்தோறும் ஓதுவித்தவர்களின் ஏடுகள் அவை. ஆகவே ஒரு பாடலைத் தள்ளுகிறவர், இன்ன ஏட்டில் இது இல்லை, இன்ன ஏட்டில் வேறு கையெழுத்தில் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டக் கடமைப்பட்டவர். டி.கே.சி. பெரும்பாலும் அதைக் காட்டவில்லை. சாட்சிகளை விசாரியாமல் தீர்ப்பை வாசித்துவிட்டார். வக்கீல் செய்யத்தகாததை ரசிகர் செய்தார் என்றே சொல்லவேண்டும்.

இத்தகைய இடங்களில் நம் பூர்வாசார்யர்கள் எவ்வாறு நடந்தார்கள்? மூன்று செய்திகள் நாம் அனைவரும் அறிந்தவை. அவற்றை இந்த வினாவின் முன் வைத்துப் பார்த்தால் புதிய வெளிச்சம் கிடைக்கிறது.

நஞ்சீயர் திருவாய்மொழிக்கு ஒன்பதினாயிரப்படி அருளிச்செய்து, அதைப் படியெடுக்க நம்பூர் வரதராஜரிடம் கொடுத்தார். அவர் காவிரியைக் கடக்கும்போது வெள்ளம் ஏட்டைக் கொண்டுபோயிற்று. அவர் கேட்ட நினைவைக் கொண்டே முழுதும் எழுதினார். எழுதும்போது தமக்குத் தோன்றிய சிறப்புப் பொருள்களையும் சில இடங்களில் சேர்த்தார். நஞ்சீயர் பார்த்தார், தம் நூலினும் இது விஞ்சியிருப்பதை உணர்ந்தார், உண்மை கேட்டறிந்து, ‘நம்பிள்ளை’ என்று அணைத்துக்கொண்டார். இதைச் சொல்லி, டி.கே.சி.யின் திருத்தத்திற்கும் இடம் உண்டே என்று ஒரு நண்பர் என்னோடு வாதித்தார். வேறுபாடு இதுதான்: நூலாசிரியர் எழுந்தருளியிருந்தார்; சேர்த்ததைக் கண்டார்; அநுமதித்தார். கம்பனுடைய அநுமதியை யார் பெற்றுத் தருவது?

ஆசிரியர் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதற்கு மணவாள மாமுனிகள் வழி காட்டினார். பெரியவாச்சான் பிள்ளை பெரியாழ்வார் திருமொழிக்கு அருளிய வ்யாக்யானத்தின் பெரும்பகுதி செல்லரித்துப் போயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பட்டர்பிரானுடைய பாசுரங்களுக்கு வந்த குறை இது என்பதால் எங்களூர்க்காரர்களுக்கு இதில் தனி நெகிழ்ச்சி உண்டு. மாமுனிகள் முழு நூலுக்கும் புதிதாக உரை அருளிச்செய்ய வல்லவர். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் அவ்வாறு செய்யவில்லை. அழிந்த பகுதிக்கு மட்டும் உரை வகுத்து, பிள்ளையின் உரை எந்தச் சொல்லில் தொடங்கி எஞ்சியிருந்ததோ அந்தச் சொல்லோடு தம் எழுத்தாணியை நிறுத்தினார். பாசுரம் முடியட்டும், வாக்கியம் முடியட்டும் என்றுகூட நீட்டவில்லை. இன்று அவ்வுரையைப் பயில்கிறவர்கள் இரண்டு திருக்கைகளும் சந்திக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டலாம். காலத்தின் காயம் மறைக்கப்படவில்லை. அதே மாமுனிகள் ஈட்டில் வரும் மேற்கோள்களைத் தேடித் தொகுத்து ‘ஈட்டுப் பிரமாணத் திரட்டு’ அருளியதையும் சேர்த்து நினைக்கவேண்டும். ஆதாரத்தைத் திரட்டித் தரும் அப்பணி, நீதிமன்ற மொழியில் சொன்னால், ஆவணப் பட்டியல் தாக்கல் செய்வதாகும். சிக்கில் கிடாரத்தில் வளர்ந்து, இல்லறத்திலிருந்து பின்பு துறவு பூண்ட அப்பெரியவர் சட்டம் படித்தவரல்லர். ஆனாலும் சான்றின் இலக்கணம் அவரிடம் நிறைந்திருந்தது.

மூன்றாவது செய்தி டி.கே.சி.க்கு ஆதரவானது, அதை மறைத்தல் நேர்மையாகாது. பெரியவாச்சான் பிள்ளை ஆழ்வார்களின் ஈரச்சொற்களை அங்கங்கே எடுத்துத் தொடுத்துப் ‘பாசுரப்படி ராமாயணம்’ அருளினார். ராமகதை முழுதும் அருளிச்செயற் சொற்களாலேயே நடக்கிறது. ஆயிரக்கணக்கான பாசுரங்களிலிருந்து சிலவற்றைத் தெரிந்து, சில தொடர்களை மட்டும் கொய்து செய்த மாலை அது. தெரிந்தெடுத்தல் அநுபவத்தின் இயல்பு. மாலை தொடுத்தவர் தோட்டத்தில் எஞ்சிய பூக்களைப் பூவல்ல என்று சொல்லவில்லை, அவ்வளவே. டி.கே.சி. ‘யான் அநுபவித்த கம்பன் இது’ என்று நின்றிருந்தால் ஒருவரும் வழக்குத் தொடுக்க இயலாது. ‘கம்பன் பாடியது இவ்வளவே’ என்றபோதுதான் வழக்குப் பிறந்தது.

வ்யாக்யாதாக்கள் பாடபேதத்தை நடத்தும் முறையையும் இங்கே நினைக்கத் தகும். இரண்டு பாடம் வழங்குமாயின் ஒன்றுக்குப் பொருள் சொல்லி, மற்றதையும் குறித்து அதற்கும் பொருள் சொல்லிப் போவார்கள். தமக்கு எது உகப்பு என்பது நடையிலேயே தெரிந்துவிடும். மற்றதை அழிப்பதில்லை. அடுத்து வருகிறவனுக்கு வேறோர் உகப்பு இருக்கலாம் என்ற இடம் அதில் விட்டுவைக்கப்படுகிறது. டி.கே.சி.யின் பதிப்பில் அவர் எந்தச் சொல்லை நீக்கி எதை வைத்தார் என்பதை வேறு பதிப்பு கையில் இல்லாதவன் அறிய வழியில்லை. அவர் செயலில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுவே. தள்ளிய பாடல்களையாவது மற்றப் பதிப்புகளில் காணலாம். மாற்றிய சொல் அடிக்குள் கரைந்துபோகிறது.

இவ்வளவும் சொன்னபின் அவருடைய குணத்தைச் சொல்லாமல் விடுவது முறையன்று. அவர் நெஞ்சு இல்லறத்தில் ஊறிய நெஞ்சு. மனைவியார் பிச்சம்மாளோடு அவர் நடத்திய குற்றாலத்து விருந்தோம்பலை அனுபவித்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சாரல் வீசும் பருவத்தில் அவ்வீட்டில் இலை போடாத நாளில்லை. உண்டபின் கம்பன், கம்பனுக்குப் பின் மறுபடி உணவு என்ற ஒழுங்கு. நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களிலும் வீட்டுச் செய்தியும் கவிதையும் ஒரே மூச்சில் வரும். குடும்பத்தை விட்டு ஒதுங்கினால்தான் உயர்ந்த விஷயம் கைகூடும் என்ற எண்ணம் அவரிடம் இல்லை. நம் மரபிலும் அப்படி ஒரு விதி இல்லை. நம்பிள்ளையின் நியமனப்படி வடக்குத் திருவீதிப் பிள்ளை இல்லறத்தில் நின்றதனாலன்றோ பிள்ளை லோகாசார்யரும் அழகியமணவாளப் பெருமாள் நாயனாரும் நமக்குக் கிடைத்தார்கள்! பகலில் கேட்டதை இரவில் எழுதி ஈடு என்னும் பெருநிதியைக் காத்தவரும் அந்த இல்லறத்தாரே.

மகன் தீத்தாரப்பன் தந்தை இருக்கும்போதே காலமானார். தந்தையின் ரசனையில் பங்கு கொண்டவர் அவர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இரங்கிப் பாடி அனுப்பினார். புத்ர சோகம் என்பது ராமகதையின் தொடக்கத்திலேயே நிற்கும் துக்கம். அயோத்யா காண்டத்தை ஆயிரம் முறை சொன்னவருக்கு அது தம் வீட்டிலேயே நேர்ந்தது. அதற்குப் பிறகும் அவர் வந்தவர்க்குக் கம்பன் சொல்வதை நிறுத்தவில்லை. இதற்குமேல் அதை விரித்துரைக்க எனக்கு உரிமை இல்லை. 1954-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள் அவர் காலமானார். அவருடைய கடிதங்களையும் குறிப்புகளையும் குடும்பத்தார் காத்துவைத்து நூலாக்கினர்.

சைவக் குடியிற் பிறந்தவர் ராமனைச் சொல்லியே உயிர்வாழ்ந்தார் என்பதை வியப்பாகச் சொல்பவர் உளர். ராமகதையில் ஈடுபட்டவர்க்கு அது வியப்பில்லை. வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஆழ்வார் பாசுரத்தில் ஒரு சொல்லுக்கு முன் நின்று, ஏன் இந்தச் சொல், ஏன் இங்கே, வேறு சொல் இருந்தால் என்ன இழப்பு என்று நம்பிள்ளை கோஷ்டியில் கேட்ட கேள்வியை, அக்கோஷ்டியை அறியாத ஒரு வக்கீல் இருபதாம் நூற்றாண்டில் தம் வீட்டுத் தொட்டிக்கட்டில் இருந்து கேட்டார். அக்கேள்வி கேட்கும் பழக்கம் நம் காலக்ஷேபங்களிலேயே குறைந்துவருகிறது. வாக்கியத்தை வாசித்து, பொருளை ஒப்பித்து, அடுத்த பாசுரத்திற்குப் போய்விடுகிறோம். பாடத்தைக் காப்பதில் மாமுனிகளின் வழியில் நிற்கிற நாம், பாடத்தைச் செவியால் அறிவதில் டி.கே.சி.யிடம் கேட்டுக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

செய்யவேண்டிய வேலை ஒன்று பாக்கி நிற்கிறது. ‘கம்பர் தரும் ராமாயண’த்தில் அவர் சொல் மாற்றிய இடங்களை, அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பதிப்பில் குறித்துள்ள சுவடிப் பாடங்களோடு வைத்து ஒப்பிட்டு, ஒரு பட்டியல் செய்யவேண்டும். எங்கே அவருடைய செவி ஏட்டோடு ஒத்தது, எங்கே ஒவ்வவில்லை என்பது அப்போது தெரியும். சுந்தரகாண்டம் அளவிலாவது செய்யத் தொடங்கலாம். கண் பார்வை நன்றாயிருக்கும் இளைய வித்வான்கள் இதை ஏற்றுக்கொண்டால், அடியேனிடம் உள்ள பழைய பதிப்புகளைக் கொடுத்துதவச் சித்தமாக இருக்கிறேன்.